செலவுக் கணக்கில் மழை: திருவிதாங்கூர் ஏடுகளில் பழைய வானிலையைத் தேடப் போகிறவர்களுக்கு

நாஞ்சில் நாட்டின் பழைய மழையைத் தேடுகிறவர் முதலில் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன. அதற்கு முந்தைய ஓலையும் காகிதமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன. செங்கோட்டைக்காரர்களுக்கும் இதே கதைதான். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. கொச்சியில் டச்சுக்காரர்கள் எழுதிவைத்த ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் களியக்காவிளைப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம். சில வருடங்களாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் இறங்கிப் பழைய கணக்குகளைப் புரட்டுவது பழக்கமாகிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான். அதனால்தான் இது.

முதலில்: அளந்த மழையா, அளக்காத மழையா?

இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள். கருவி வைத்து அளந்து எழுதியது ஒரு வகை. வெள்ளம் வந்தது, குளம் உடைந்தது, பயிர் கரிந்தது என்று போகிற போக்கில் பதிவானது இன்னொரு வகை.

அளந்த மழைக்கு இந்தப் பகுதியில் நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னை வானாய்வகத்தில் 1796லிருந்தே வானிலைக் குறிப்பு எடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837ல் வானாய்வகம் தொடங்கினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852ல் வந்த ஜான் ஆலன் பிரவுன் இன்னும் பிடிவாதக்காரர். 1855ல் அகஸ்திய மலையின் உச்சியிலேயே ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்து, மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அளவெடுக்க ஏற்பாடு செய்தார். 1,868 மீட்டர் உயரம். இன்று அனுமதி வாங்கிக்கொண்டு நடந்து ஏறுகிறவர்களுக்கே மூச்சு வாங்குகிறது. அவர்கள் பாதரசக் குழாயை உடையாமல் மேலே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்திய வானிலைத் துறை வந்தது 1875ல். அப்புறம் தாலுகா கச்சேரி மழைமானிகள், எஸ்டேட் மழை நோட்டுகள், 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை போன்ற நீர்த்தேக்கங்களின் பதிவேடுகள் என்று வரிசை நீளும்.

புதியவர் ஓலையில் தொடங்க வேண்டாம். திருவிதாங்கூர் அரசின் அச்சிட்ட ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் தொடங்குங்கள். மழை அளவு அட்டவணையாகவே கிடைக்கும், அச்செழுத்து, கண்ணுக்கும் சுகம். உங்கள் தாலுகாவின் சாதாரண மழை எவ்வளவு, எந்த மாதம் அதிகம் என்று ஒரு பிடி கிடைத்துவிட்டால், பிறகு கையெழுத்தில் ஏதாவது விசித்திரமாகத் தெரியும்போது மனது தானாகவே மணி அடிக்கும்.

தேதி: பாதி வேலை இதுதான்

திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் ஓடும். நிர்வாக அறிக்கையின் நிதியாண்டும் அதேதான். கொல்லம் ஆண்டு கி.பி. 825ல் தொடங்கியது என்று படித்ததும், எல்லாவற்றோடும் 825ஐக் கூட்டிவிடத் தோன்றும். நான் அதைத்தான் செய்தேன். ஒரு நோட்டு முழுக்க.

ஆண்டு பிறப்பது சிங்கம் 1ல், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில். ஆகவே சிங்கம் தொடங்கி டிசம்பர் 31 வரையிலான தேதிகளுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் கர்க்கடகம் முடியும் வரை 825. இந்த ஒரு எண் மாறினால் என்ன ஆகும்? 1052 துலாம் என்பது 1876 அக்டோபர், நவம்பர். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படுகிற காலம். 825ஐக் கூட்டினால் அது 1877க்குப் போய்விடும். ஐப்பசி மழை வந்த ஆண்டின் தலையில் வராத ஆண்டின் பழி விழும். நம் பகுதியில் துலாமும் விருச்சிகமும்தான் பாதி மழைக்காலம் என்பதால், இந்தத் தவறு ஓரத்தில் நிற்காது, நடுமுதுகில் விழும். என் நோட்டை முழுவதும் அடித்துத் திரும்ப எழுத ஒரு மாதம் ஆயிற்று.

மாதப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி, சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் மாதம் பிறக்கிற நாளும் மலையாளத்தில் பிறக்கிற நாளும் சில சமயம் ஒரு நாள் தள்ளும். வட மலபாரில் கொல்லம் ஆண்டு கன்னி மாதத்தில்தான் பிறக்கும். அங்கிருந்து வந்த காகிதம் கையில் சிக்கினால் கவனம்.

தனு மாதம் தனித் தொல்லை. அதன் நடுவில்தான் ஆங்கில வருடம் மாறுகிறது. இன்றைய கணக்கில் மார்கழி 16, 17 வாக்கில் ஜனவரி பிறக்கும். ஆனால் பின்னோக்கிப் போகப் போக இது நகரும். நம் சூரிய மாதம் ஆங்கில நாட்காட்டியை விட்டு ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. 1750 வாக்கில் தை பிறந்தது ஜனவரி 10 அல்லது 11ல். எனவே பழைய ஓலைக்கு இன்றைய காலண்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் இந்திய எபிமெரிஸ் அட்டவணைகள் இதற்கென்றே பிறந்தவை. ஓலையில் கிழமையோ நட்சத்திரமோ கொடுத்திருந்தால் அதை விடாதீர்கள். நீங்கள் போட்ட தேதி சரியா என்று சொல்கிற சாட்சி அதுதான்.

திருநெல்வேலி ஜில்லாப் பக்கத்துப் பழைய வருவாய்க் காகிதமானால் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அந்த ஆண்டின் ஜூலை மாதம் கிடைக்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் கொல்லம், அந்தப் பக்கம் பசலி. இரண்டையும் ஒப்பிடும்போது ஆண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது. மாதம் மாதமாகத்தான் பிரித்து வைக்க வேண்டும்.

பெரியவர்கள் வாயால் சொல்லும் ஆண்டையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" என்று கேரளத்தில் சொன்னால் அது 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை, ஆகஸ்ட். மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன வெள்ளம். ஒரு கல்லூரி மாணவர் இதை 1999 என்று எழுதி வந்து என்னிடம் காட்டினார். பாவம், அவர் மேல் குற்றமில்லை.

காப்பகத்துக்குள்

கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் அதில் பெரும் பகுதி. கட்டுகளைச் சுருணை என்பார்கள். கோட்டைக்குள் உள்ள மத்தியக் காப்பகத்தில் 2022 டிசம்பர் முதல் ஓலை அருங்காட்சியகமும் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. எழுத்தாணி எவ்வளவு பொடியாக எழுதும் என்பது தெரிந்தால் பேராசை குறையும்.

அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், மாணவரானால் துறைத்தலைவரின் கடிதம் இவற்றோடு போங்கள். நேரம், கட்டணம், படம் எடுக்க அனுமதி எல்லாவற்றையும் முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் மட்டும். விரலில் எச்சில் தொடாதீர்கள். ஓலைக்குப் புல்தைலம் பூசுவது அங்குள்ளவர்களின் வேலை. நீங்கள் ஆர்வத்தில் எதையும் தேய்க்க வேண்டாம். மை போன எழுத்துக்குப் பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சம் விழுந்தால் கீறல் தெரியும், விளக்கை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது.

காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்துக்கு மழை தேடிப் போகாதீர்கள். அங்கே இலக்கியமும் வைத்தியமும் சோதிடமும் அதிகம். நமக்கு வேண்டியது கணக்கு.

ஓலையில் மழை எப்படித் தெரியும்

என் முதல் நாளில் கட்டு எடுத்துத் தந்த ஊழியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாரே, இதில் மழ இல்ல, செலவு மாத்ரமே உள்ளூ." அவர் சொன்னது முழு உண்மை. இன்று மழை பெய்தது என்று யாரும் ஓலை கீறி உட்காரவில்லை. மழையால் பணம் போனால்தான் கணக்குப்பிள்ளை எழுதினார்.

ஆகவே தேட வேண்டிய சொற்கள் வேறு. கரை உடைந்தது, மடை இடிந்தது, மறுகால் பாய்ந்தது, வெள்ளப்பொக்கம், கரிவு, சாவி (மணி பிடிக்காத பயிர்), தரிசு. வரியைக் குறைத்தால் இளவு, பிரிட்டிஷ் பக்கமானால் வஜா. வருண ஜபத்துக்குச் செலவு எழுதியிருந்தால் மழை வராமல் தவித்திருக்கிறார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று எந்தப் பூவுக்கு, அதாவது எந்த நெல் போகத்துக்கு, இளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். கன்னிப்பூ என்றால் பெரும்பாலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின் கதை, கும்பப்பூ என்றால் துலாவர்ஷத்தின் (வடகிழக்குப் பருவமழையின்) கதை. ஒரே ஒரு பயிர்ப் பெயர் எந்தப் பருவக்காற்று பிசகியது என்று சொல்லிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கூடவே அவசரமும் கூடாது. குளக்கரைக்கு மண் போட்ட செலவு கண்ணில் பட்டதும் வெள்ளம் என்று குதிக்காதீர்கள். மீனம், மேடத்தில் குளம் வற்றிக் கிடக்கும்போது தூர்வாரிக் கரை போடுவது வருடாந்திர வேலை. அதே செலவு துலாம் கடைசியில் வந்தால் யோசிக்கலாம். இரண்டு கரையில் ஒரே வாரம் வந்தால் நம்பலாம். வரி இளவுக்கும் மழை மட்டும் காரணமல்ல. படை நடந்த வருடம், பூச்சி விழுந்த வருடம், ஊரார் கூடி முறையிட்ட வருடம் என்று பலதும் உண்டு. காரணம் எழுதியிருக்கிறதா என்று இரண்டு ஓலை முன்னும் பின்னும் படியுங்கள்.

செலவே இல்லாத வருடத்தை நல்ல மழை வருடம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஏடு செல்லரித்துப் போயிருக்கலாம். நல்ல மழைக்கு யாரும் பற்று எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் முன்னோர்கள் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவில்லை என்று தோன்றும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென் திருவிதாங்கூரில் தமிழ் ஓலைகள் நிறைய. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். வடக்கே போகப் போக மலையாண்மையும் கோலெழுத்தும், பழையவற்றில் வட்டெழுத்தும் வரும். தமிழ் ஓலையே ஆனாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். 'மரம்' என்பது 'மாம' என்று கண்ணுக்குத் தெரியும். எண்ணும் பழைய முறைதான். ௯௱௪௰௫ என்றால் 945. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். நெல் அளவு கோட்டை, மரக்கால், நாழி, பறை என்று இடத்துக்கு இடம் மாறும்; அதை இன்றைய கிலோவுக்கு மாற்ற முயலாதீர்கள், நமக்குத் தேவையும் இல்லை.

மரக்கால் என்றதும் ஒரு பொறி நினைவுக்கு வருகிறது. ஏட்டுக் கட்டில் எங்காவது "இத்தனை மரக்கால் மழை" என்று பார்த்துவிட்டு, அந்தக் காலத்திலேயே மழை அளந்திருக்கிறார்கள் என்று துள்ளாதீர்கள். அது பஞ்சாங்கப் பலன். வருடம் பிறக்கும்முன்பே மேகத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆருடம். பெய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மழைமானி நோட்டுகளில் உள்ள வம்புகள்

பழைய நோட்டுகளில் மழை அங்குலத்தில் இருக்கும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எஸ்டேட்காரர்கள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்பார்கள். "2 அங்குலம் 5 சென்ட்" என்பது 2.05, 2.5 என்று தட்டச்சு செய்தால் பதினோரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும்.

காலை எட்டு மணி வாக்கில் அளந்து அன்றைய தேதியில் எழுதுவது வழக்கம். ஆகவே செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் உள்ள மழை பெரும்பாலும் திங்கட்கிழமை பகலும் இரவும் பெய்தது. சில நோட்டுகளில் எழுத்தர் முதல் நாள் தேதியில் போட்டிருப்பார். கடும் புயல் மழை நாள் ஒன்றைப் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டால் எந்த வழக்கம் என்று தெரிந்துவிடும்.

வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. மழை இல்லை என்பதற்கு ஒருவர் கோடு போடுவார், ஒருவர் 'நில்' என்று எழுதுவார், ஒருவர் சும்மா விடுவார். அதே நபர் காய்ச்சலில் படுத்த வாரத்தையும் சும்மாதான் விடுவார். நான் பார்த்த ஒரு ரப்பர் எஸ்டேட் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை வருடம் முழுக்க மழையே இல்லை. திங்கட்கிழமைகளில் கொட்டித் தீர்த்திருந்தது. வேறொன்றுமில்லை, ஞாயிறு லீவு. அந்தத் திங்கள் அளவுகளை இரண்டு நாள் கூட்டுத்தொகை என்று குறித்து வைக்க வேண்டுமே தவிர, நாமாகப் பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது.

அளவு ஜாடி மாறியதும் ஒரு வம்பு. ஐந்து அங்குல வாய் உள்ள மழைமானிக்கு அதற்கான ஜாடி வேண்டும். உடைந்துபோய், எட்டு அங்குல மானியின் ஜாடியை வைத்து அளந்தால், பெய்த மழை 2.56ல் ஒரு பங்காகத்தான் தெரியும். ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து எல்லா அளவும் ஒரே விகிதத்தில் சுருங்கினால், வானத்தைச் சந்தேகிக்கும் முன் ஜாடியைச் சந்தேகியுங்கள்.

தினசரி அளவுகளைக் கூட்டி, நோட்டில் உள்ள மாத மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்து வராதபோது பாதி நேரம் நம் தட்டச்சுப் பிழை, மீதி நேரம் அவர்களுடைய கூட்டல் பிழை. அவர்களுடைய பிழையைத் திருத்தாதீர்கள், குறித்து வையுங்கள். பக்கத்து நிலையத்தோடு ஒத்துப் போகவில்லை என்பதற்காக மட்டும் ஓர் அளவைத் தள்ளவும் வேண்டாம். பேச்சிப்பாறையில் சோவென்று பெய்யும்போது ஆரல்வாய்மொழியில் காற்று மட்டும் அடிக்கும். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் நல்ல அளவுகளைக் குப்பையில் போடுகிறார்கள்.

தாளில் ஏற்றுவது

கணினித் தாளில் நான் வைத்திருக்கும் பத்திகள் இவை: கட்டு எண், ஓலை அல்லது பக்க எண், ஆவணத்தில் உள்ளபடி தேதி, மாற்றிய தேதி, ஆவணத்தில் உள்ளபடி சொற்கள் அல்லது எண், மில்லிமீட்டர், சந்தேகம், ஏற்றியவர் பெயரின் முதலெழுத்து. 'உள்ளபடி' என்ற இரண்டு பத்திகளில் எதையும் திருத்தக் கூடாது. எழுத்துப் பிழையோடு, பாதி ஒடிந்த வார்த்தையோடு அப்படியே. நம் ஊகம் எல்லாம் வேறு பத்தியில். கொல்லம் ஆண்டில் நான் கவிழ்ந்தபோது மூலத் தேதியும் எழுதி வைத்திருந்ததால்தான் மறுபடி பஸ் ஏறாமல் சரிசெய்ய முடிந்தது.

அளக்காத மழைக்கு ஒரு மதிப்பெண் போடலாம். வரலாற்று வானிலை ஆய்வாளர்கள் -3 முதல் +3 வரை போடுவதுண்டு. தொடக்கத்தில் நமக்கு மூன்றே போதும்: குறைவு, சாதாரணம், அதிகம். ஆண்டுக்கு ஒன்றாகப் போடாமல் பருவத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரே ஓலையை வைத்து முடிவு சொல்லாமல், வேறு வகை ஆவணம் ஒன்றாவது ஒத்துப் பேசுகிறதா என்று பாருங்கள்: கோயில் கணக்கும் நீட்டும் (அரசாணை), அல்லது எஸ்டேட் நோட்டும் அரசு அறிக்கையும்.

முடிந்தால் இருவராகச் செய்யுங்கள். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக ஏற்றி, வித்தியாசம் வரும் கட்டங்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது மிகப் பழைய தந்திரம். ஆள் கூடினால் வேகம் எப்படி என்பதற்கு 2020ல் பிரிட்டனில் நடந்ததே போதும்: ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் 65,000 மழைத் தாள்களைப் பதினாறு நாளில் ஏற்றி முடித்தார்கள். நமக்கு அவ்வளவு பேர் வேண்டாம். ஓலை வாசிக்க ஒருவர், மலையாளம் தெரிந்த ஒருவர், வயலில் இறங்கிய ஒருவர். கடைசி ஆள் இல்லாமல் போனால் சாவி என்ற சொல்லைப் பார்த்து யாராவது பூட்டைத் தேடுவார்கள்.

முதல் இலக்காக ஒரு தாலுகா, ஒரு கொல்லம் ஆண்டு, பன்னிரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். 1099 வேண்டாம், அதை எல்லாரும் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய 1098 எப்படி என்று பாருங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைக் காப்பகத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், சந்தேகப் பத்தியையும் சேர்த்து.